காவலர் வீரவணக்க நாள்

காவலர் வீரவணக்க நாள் என்பது பணியின்போது உயிரிழந்த காவல்துறையினரை நினைவுகூர்வதற்காக இந்தியா முழுவதும் ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று கடைப்பிடிக்கப்படும் நாள் ஆகும். 1959 ஆம் ஆண்டு இதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்துக்கு அருகே சீனப் படையினரின் தாக்குதலில் இந்தியக் காவலர் பத்துப் பேர் இறந்தனர். அந்நிகழ்வே இந்நாளுக்கு அடிப்படையாகும். மாநிலத் தலைநகரங்களிலும் மாவட்ட ஆயுதப்படைத் திடல்களிலும் அன்று காலையில் அணிவகுப்பு நடைபெறுகிறது. அதற்கு முந்தைய ஓராண்டில் நாடு முழுவதும் பணியில் இறந்த காவலர்களின் பெயர்கள் அப்போது வாசிக்கப்படுகின்றன. மலர் வளையமும் துப்பாக்கி முழக்கமும் எல்லாப் படைகளுக்கும் பொதுவானவை. பெயர் வாசிப்பே இந்நாளின் உள்ளீடு எனலாம்.

பெயர்

தமிழில் இந்நாள் காவலர் வீரவணக்க நாள், காவலர் நினைவு நாள் என்னும் பெயர்களால் குறிக்கப்படுகிறது. நாளிதழ்களில் சில வேளைகளில் நீத்தார் நினைவு நாள் என்றும் எழுதப்படுவதுண்டு. ஆயினும் அப்பெயர் தீயணைப்புத் துறையினர் ஏப்ரல் 14 அன்று கடைப்பிடிக்கும் நாளுக்கே பெரிதும் வழங்குகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் வெடித்தபோது தீயணைப்பு வீரர்கள் பலர் இறந்ததன் நினைவாக அமைந்த நாள் அது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

ஹாட் ஸ்பிரிங்ஸ் நிகழ்வு

எல்லையில் இறந்தவர்கள் படைவீரர்களாக இல்லாமல் காவலர்களாக இருந்தது எவ்வாறு என்னும் ஐயம் படிப்போருக்கு எழக்கூடும். 1959 வரை இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடைப்பட்ட நீண்ட எல்லையைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் காவல் படைகளிடமே இருந்தது. மத்திய சேமக் காவல் படையினரும் உளவுத் துறையின் கீழ் அமைந்த எல்லைக் காவலர்களும் மலை முகடுகளில் சிறு சிறு காவல் நிலைகளை அமைத்துக் கண்காணித்து வந்தனர். திபெத்து தன்னாட்சியுடன் இருந்த காலத்துக்கு அவ்வேற்பாடு போதுமானதாக இருந்தது. 1957 அளவில் சீனா அக்சாய் சின் வழியாகச் சிஞ்சியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலையை அமைத்து முடித்தது. 1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்தார். அதே ஆண்டு ஆகத்து 25 அன்று கிழக்கு எல்லையில் லோங்சு என்னுமிடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நிலைமை மாறியிருந்தது, எல்லையில் நின்றவர்கள் மட்டும் மாறவில்லை.

லடாக்கின் வடகிழக்கில் 15,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது ஹாட் ஸ்பிரிங்ஸ். அங்குள்ள வெந்நீர் ஊற்றினால் அப்பெயர் ஏற்பட்டது. லனக் கணவாய் நோக்கிச் செல்லவிருந்த இந்தியக் குழு ஒன்று 1959 அக்டோபரில் அங்கே முகாமிட்டிருந்தது. அக்டோபர் 20 அன்று முன்னுள்ள நிலப்பகுதியைப் பார்த்துவர மூன்று சிறு குழுக்கள் அனுப்பப்பட்டன. இரண்டு குழுக்கள் பிற்பகலுக்குள் திரும்பின. காவலர் இருவரும் சுமை தூக்குபவர் ஒருவரும் கொண்ட மூன்றாம் குழு திரும்பவில்லை.

காணாமற் போனவர்களைத் தேடி மறுநாள் காலையில் ஏறத்தாழ இருபது பேர் புறப்பட்டனர். உளவுத் துறை அதிகாரி கரம் சிங் குதிரையில் முன்செல்ல, ஏனையோர் மூன்று பிரிவுகளாக நடந்து பின்தொடர்ந்தனர். நண்பகல் வேளையில் ஒரு குன்றின் மேலிருந்த சீனப் படையினர் துப்பாக்கியால் சுட்டும் கையெறி குண்டுகளை வீசியும் தாக்கினர். கீழிருந்தவர்கள் பதுங்குவதற்கு மறைவிடம் எதுவும் இல்லை. காவல்துறைக் குறிப்புகளின்படி பத்துப் பேர் இறந்தனர், காயமுற்ற எழுவர் சிறைப்பிடிக்கப்பட்டனர், எஞ்சியோர் தப்பினர். கரம் சிங்கும் சிறைப்பட்டவர்களுள் ஒருவர். விடுதலைக்குப் பின் தாம் நடத்தப்பட்ட விதம் பற்றி அவர் அளித்த வாக்குமூலம் இந்திய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கைகளில் இடம்பெற்றுள்ளது.

முதலில் சுட்டவர்கள் இந்தியர்களே என்பது சீன அரசின் கூற்று. இந்தியா அதனை மறுத்தது. தேடச் சென்றவர்கள் குன்றின் அடியில் திறந்த வெளியில் நின்றிருந்தனர் என்பதையும் இறந்தோர் எண்ணிக்கையையும் சேர்த்து நோக்கினால் இந்தியத் தரப்பின் விளக்கமே பொருந்துவதாகத் தோன்றுகிறது. இந்நிகழ்வு பன்னாட்டு வரலாற்று நூல்களில் கொங்கா கணவாய் நிகழ்வு என்றும் குறிப்பிடப்படுகிறது.

இறந்தவர்களின் உடல்கள் உடனே கிடைக்கவில்லை. மூன்று வாரங்களுக்குப் பின் நவம்பர் 13 அன்றே சீனர்கள் அவற்றை ஒப்படைத்தனர். ஹாட் ஸ்பிரிங்சிலேயே காவல்துறை மரியாதையுடன் அவை எரியூட்டப்பட்டன. இதற்கிடையில் நவம்பர் 7 அன்று சீனப் பிரதமர் சௌ என்லாய் இரு நாட்டுப் படைகளும் 20 கிலோமீட்டர் பின்வாங்கலாம் என நேருவுக்கு எழுதியிருந்தார். அம்முயற்சி நிறைவேறவில்லை. லடாக் எல்லையின் பொறுப்பு இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1962 போரின்போது அக்டோபர் 24 அன்று இந்திய-திபெத்திய எல்லைக் காவல் படை உருவாக்கப்பட்டது. ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியின் பெயர் 2020 ஆம் ஆண்டு எல்லைப் பதற்றத்தின்போது மீண்டும் செய்திகளில் அடிபட்டது. அங்குள்ள 15 ஆம் எண் சுற்றுக்காவல் முனையிலிருந்து இரு தரப்புப் படைகளும் 2022 செப்டம்பரில் விலகின.

நாளின் தோற்றம்

1960 சனவரியில் கூடிய மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் ஆண்டு மாநாடு, அக்டோபர் 21 ஐ நாடெங்கும் நினைவு நாளாகக் கடைப்பிடிப்பதென முடிவு செய்தது. ஹாட் ஸ்பிரிங்சில் நினைவுச் சின்னம் அமைப்பதும் அப்போதே தீர்மானிக்கப்பட்டது. பல மாநிலக் காவலர்களைக் கொண்ட குழு ஒன்று ஆண்டுதோறும் அங்கு மலையேறிச் சென்று வணக்கம் செலுத்தும் வழக்கமும் ஏற்பட்டது. தென்கோடிக் கடற்கரை ஊரில் பணிபுரியும் காவலர் ஒருவர் மூச்சுத் திணறும் உயரத்துக்கு நடந்து சென்று, தாம் முன்பின் அறியாத பத்துப் பேருக்கு வணக்கம் செலுத்தித் திரும்பும் வாய்ப்பு இதனால் உண்டாகிறது.

தலைநகரில் நினைவகம் அமைவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. புது தில்லி சாணக்கியபுரியில் எழுப்பப்பட்ட 150 அடி உயர எஃகு அமைப்பு, நகரின் தோற்றத்தை மறைக்கிறது என்னும் வழக்கின் விளைவாக 2008 இல் அகற்றப்பட்டது. பின்னர் அதே இடத்தில் 30 அடி உயரமும் 238 டன் எடையும் உடைய ஒற்றைக் கருங்கல் நிறுத்தப்பட்டது. தேசியக் காவலர் நினைவகம் 2018 அக்டோபர் 21 அன்று பிரதமர் நரேந்திர மோதியால் திறந்து வைக்கப்பட்டது. அங்குள்ள சுவரில் விடுதலைக்குப் பின் பணியில் இறந்த 34,844 பேரின் பெயர்கள் அப்போது பொறிக்கப்பட்டிருந்தன. பின்னர் இறந்தோரின் பெயர்களும் சேர, 2024 இல் இவ்வெண்ணிக்கை 36,000 ஐக் கடந்தது.

பெயர்ப் பட்டியல்

ஆண்டுக் கணக்கு செப்டம்பர் 1 இல் தொடங்கி அடுத்த ஆகத்து 31 இல் முடிகிறது. மாநிலங்களும் மத்தியக் காவல் படைகளும் அளிக்கும் விவரங்களைக் கொண்டு பட்டியல் தொகுக்கப்படுகிறது. அதே பட்டியல் நாட்டின் எல்லாத் திடல்களிலும் பயன்படுகிறது. 2020 அக்டோபரில் 264 பெயர்களும், 2021 இல் 377 பெயர்களும், 2023 இல் 188 பெயர்களும், 2024 இல் 216 பெயர்களும் இடம்பெற்றன. வாசிப்பு முடிந்ததும் துப்பாக்கிகள் தலைகீழாகத் தாழ்த்தப்படுகின்றன, எக்காளம் ஒலிக்கிறது, இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. வானை நோக்கிச் சுடப்படும் குண்டுகளின் எண்ணிக்கை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். மறுநாள் நாளிதழ்களில் தலைப்பாக வருவது பெரும்பாலும் அந்த எண்ணிக்கையே என்பது சற்று வியப்புக்குரியது.

யாருடைய பெயர் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பது எளிதில் தீரும் வினா அன்று. கொள்ளையரால் சுடப்பட்டவரும் குண்டுவெடிப்பில் இறந்தவரும் பட்டியலில் இடம்பெறுவதில் ஐயமில்லை. வாகனச் சோதனையின்போது வண்டி மோதி இறந்தவர், வெள்ள மீட்புப் பணியில் அடித்துச் செல்லப்பட்டவர், தொடர் பணியின் களைப்பில் மாரடைப்பால் இறந்தவர் ஆகியோரை எவ்வாறு கொள்வது? கொரோனாப் பெருந்தொற்று இவ்வினாவைக் கூர்மையாக்கியது. 2020 ஆம் ஆண்டு நிகழ்வில் 264 பெயர்களுக்கு அப்பால், தொற்றினால் முந்நூறுக்கும் மேற்பட்ட காவலர்கள் இறந்தது தனியே குறிப்பிடப்பட்டது. வினா மரியாதையோடு நிற்பதில்லை. இழப்பீடு, ஓய்வூதியம், வாரிசு வேலை ஆகியவற்றில் அது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையைத் தொடுகிறது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. சென்னை மதுரவாயல் காவல் ஆய்வாளர் பெரியபாண்டியன், கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைப் பிடிக்கச் சென்றபோது 2017 திசம்பர் 13 அன்று ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர் சுட்டதாகவே முதலில் செய்தி பரவியது. உடன் சென்ற அதிகாரி தவறுதலாகச் சுட்ட குண்டே காரணம் என ராஜஸ்தான் காவல்துறை பின்னர் தெரிவித்தது. குண்டு யாருடையது என்பதால் அவருடைய இறப்பின் தன்மை மாறிவிடுவதில்லை. தமக்குப் பழக்கமில்லாத மொழியும் நிலமும் உடைய ஓர் ஊரில், இரவில், கடமையின் பொருட்டே அவர் நின்றிருந்தார். தமிழ்நாட்டில் அவர் வீரவணக்கத்துக்குரியவராகவே நினைக்கப்படுகிறார். ஆயினும் உண்மை வெளிப்பட்ட பின்னர் அவரைப் பற்றிய பேச்சு ஊடகங்களில் விரைவில் குறைந்துபோனது.

தமிழ்நாட்டில்

சென்னையில் இந்நாளின் முதன்மை நிகழ்வு காமராசர் சாலையில் கடற்கரையை நோக்கி அமைந்துள்ள காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலக வளாகத்தில் நடைபெறுகிறது. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஆயுதப்படைத் திடலில் காவல் கண்காணிப்பாளர் தலைமையில் நிகழ்வு அமைகிறது.

திருப்பத்தூருக்கு மட்டும் ஆகத்து 6 என்னும் மற்றொரு நினைவு நாளும் உண்டு. 1980 ஆம் ஆண்டு அந்நாளில் ஏலகிரிப் பகுதியில் பிடிபட்ட நக்சலைட்டுகளைக் காவலர்கள் காரில் ஏற்றித் திருப்பத்தூருக்குக் கொண்டுவந்தனர். வழியில் அவர்களுள் ஒருவர் மறைத்து வைத்திருந்த குண்டை வெடிக்கச் செய்தார். ஆய்வாளர் பழனிச்சாமி உள்ளிட்ட காவலர் நால்வர் இறந்தனர். அக்காலத்தில் திருப்பத்தூரும் ஆரணியும், ஆரணியை அடுத்த நெசவூரான சேவூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டம் 1989 இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. திருப்பத்தூர் 2019 இல் தனி மாவட்டமாயிற்று. அங்குள்ள நினைவுத் தூணுக்கு ஆண்டுதோறும் காவல்துறையினர் மரியாதை செலுத்துகின்றனர்.

அன்றைய முதலமைச்சர் எம். ஜி. ராமச்சந்திரனின் அரசு அதனையடுத்து நக்சலைட்டுகளுக்கு எதிரான நடவடிக்கையை முடுக்கியது. வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த அந்நடவடிக்கைக்கு 'அஜந்தா' எனப் பெயரிடப்பட்டது. அது இறந்த ஆய்வாளர் பழனிச்சாமியின் மகளின் பெயர். வட ஆர்க்காடு, தருமபுரி மாவட்டங்களில் அதன்போது இளைஞர்கள் பலர் இறந்தனர். அவை மோதலில் நேர்ந்த இறப்புகள் என்றது காவல்துறை. பிடித்து வைத்துச் சுடப்பட்டவர்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். அதே 1980 செப்டம்பரில் காவல்துறை நடவடிக்கையில் இறந்த பாலனுக்கும், அவருக்கு முன் இறந்த அப்புவுக்கும் தருமபுரி மாவட்டம் நாய்க்கன்கொட்டாயில் அவ்வியக்கத்தினர் நினைவுச் சின்னம் எழுப்பினர். ஒரே ஆண்டின் இரு துயரங்களுக்கு இரண்டு கற்கள் வெவ்வேறு மாவட்டங்களில் நிற்கின்றன. ஒன்றின் முன் நிற்பவர் மற்றொன்றின் முன் நிற்பதில்லை. ஆனால் அக்காலத்தை அறிய விரும்பும் மாணவர் இரண்டையும் அறிந்தாக வேண்டும்.

பெரிய நிகழ்வுகளில் காவலரின் இறப்பு வேறொரு பெயரின் நிழலில் மறைந்துவிடுவதும் உண்டு. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால் உள்ளிட்ட காவல்துறையினர் பலரும் உடன் இறந்தனர். அந்த நாளை அறிந்தவர்களுள் அவர்களின் பெயர்களை அறிந்தோர் மிகச் சிலரே. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். அவர்களுள் காவலர்களோடும் வனத்துறையினரோடும் உளவு சொல்வதற்காக அழைத்துச் செல்லப்பட்ட ஊர்மக்களும் இருந்தனர். ஒரே வெடிப்பில் இறந்தும், சீருடை இல்லாத காரணத்தால் அம்மக்கள் காவலர் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர்.

அண்மை ஆண்டுகளின் நிகழ்வுகளில் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. 2020 சனவரி 8 இரவு கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகத்து 18 அன்று தூத்துக்குடி மாவட்டம் மணக்கரை அருகே தேடப்பட்டு வந்தவரைப் பிடிக்கச் சென்ற காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். 2021 பிப்ரவரி 1 அன்று ஏரல் உதவி ஆய்வாளர் பாலு, குடிபோதையில் இருந்த ஒருவர் ஓட்டிவந்த சரக்கு வாகனம் மோதிக் கொல்லப்பட்டார். தனியாகவோ ஓரிருவராகவோ, பெரும்பாலும் இரவில், சாலையில் நிற்கும் பணி இவர்களுடையது. சிறப்பு உதவி ஆய்வாளர் என்னும் பதவி, அக்காலத்தில் காவலராகச் சேர்ந்து 25 ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்குக் கிடைத்து வந்ததாகும். வில்சன் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தார்.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதனின் இறப்பு பலரையும் உலுக்கியது. 2021 நவம்பர் 21 ஆம் நாள் பின்னிரவில் சுற்றுக்காவலில் இருந்த அவர், இருசக்கர வண்டிகளில் ஆடு திருடிச் செல்வோரைக் கண்டு தம் வண்டியில் விரட்டினார். மாவட்ட எல்லையைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டி இரயில்வே சுரங்கப்பாதைப் பகுதியில் அவர்களை மடக்கினார். உடன் பணிபுரிபவருக்குத் தொலைபேசியில் தகவலும் சொன்னார். உதவி வந்து சேர்வதற்குள் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஓர் இளைஞனும் இரு சிறுவர்களும் இதன் தொடர்பில் பிடிபட்டனர். அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு, இரவுச் சுற்றுக்காவலுக்குச் செல்வோர் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என அறிவுறுத்தினார்.

பெரியபாண்டியன், வில்சன், பூமிநாதன் ஆகியோரின் குடும்பங்களுக்குத் தலா ஒரு கோடி ரூபாயும், சுப்பிரமணியன், பாலு ஆகியோரின் குடும்பங்களுக்குத் தலா 50 இலட்சம் ரூபாயும் அரசு அறிவித்தது. தொகை ஒவ்வொரு முறையும் முதலமைச்சரின் தனி அறிவிப்பாகவே வந்தது. இறப்பின்போது எழும் செய்தி அலையைப் பொறுத்து இழப்பீடு அமையாமல், எல்லோருக்கும் ஒரே அளவு முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பது முறையாகும்.

நடுகல் மரபுடன் ஒப்புமை

கடமையில் இறந்தவனைப் பெயர் சொல்லி நினைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சேவூர் அமைந்துள்ள இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகள் நடுகற்கள் மிகுந்தவை. தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றை ஆய்ந்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை 1972 இல் வெளியிட்டது. கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி அதனை வாழ்த்துவது வரை நடுகல் அமைப்பதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது.

இக்கற்களில் மிகுதியானவை தொறு, அதாவது கால்நடைக் கூட்டம், தொடர்பான பூசலில் இறந்தோருக்கு உரியவை. எடுத்தனூரில் கிடைத்த கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும்போது இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக அது நடப்பட்டது. திருடரைக் கடித்து அவனருகே நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் உருவமும் அதே கல்லில் உள்ளன. ஏழாம் நூற்றாண்டில் எருமைக்காக இறந்தவனையும் 2021 இல் திருடப்பட்ட ஆட்டுக்காக விரட்டிச் சென்று இறந்தவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது தவறாகாது. ஆடு அற்பப் பொருள் என எண்ணுவோர், அதனை வளர்ப்பவரின் வீட்டில் அதன் மதிப்பு என்ன என்பதை அறியாதவர்களே.

வேறுபாடுகளும் உள்ளன. நடுகல் ஊராரும் உறவினரும் தாம் அறிந்த ஒருவனுக்காக நட்ட கல். காவலர் பட்டியல் அரசு தொகுப்பது. தொறுவை மீட்டவனுக்கும் கல் உண்டு, கவரச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு. காவலர் பட்டியலில் அவ்வாறு இரு தரப்புக்கும் இடமில்லை. மேலும் நடுகல்லில் அரசனின் ஆட்சியாண்டு, வீரன் யாருடைய மகன் அல்லது சேவகன், எதன் பொருட்டு இறந்தான் என்பன சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். திடலில் வாசிக்கப்படும் பட்டியல் பதவியையும் பெயரையும் சொல்லி அடுத்த பெயருக்குச் சென்றுவிடுகிறது. எவ்வாறு இறந்தார் என்னும் ஒரு வரியேனும் சேர்க்கப்பட்டால், கேட்கும் பள்ளி மாணவருக்கு அது பெயர்களின் வரிசையாக மட்டும் நின்றுவிடாது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1962 முதல் மே 15 இத்தகைய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பிரித்தானியாவிலும் ஆத்திரேலியாவிலும் செப்டம்பர் இறுதியில் இந்நாள் அமைகிறது.

இலங்கையில் மார்ச் 21 காவல்துறை மாவீரர் நாளாகும். 1864 ஆம் ஆண்டு அந்நாளில் மாவனல்லையில் சரதியல் என்னும் கொள்ளையனைப் பிடிக்கும் முயற்சியில் காவலர் சபான் சுட்டுக் கொல்லப்பட்டார். பணியில் உயிரிழந்த முதல் இலங்கைக் காவலராக அவர் கொள்ளப்படுகிறார். சரதியல் அதே ஆண்டு மே 7 அன்று கண்டியில் தூக்கிலிடப்பட்டான். செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவனாக மக்கள் கதைகள் அவனைப் போற்றுகின்றன. உதுவன்கந்தைப் பகுதியில் சரதியல் பெயரால் சுற்றுலாச் சிற்றூர் ஒன்றும் அமைக்கப்பட்டுள்ளது. சபானின் பெயர் மார்ச் 21 அன்று காவல்துறைத் திடல்களில் சொல்லப்படுகிறது.